அப்பத்தாவுக்கும் வேலை கொடுக்கும் அருங்காட்சியகம்

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்காமல் திரும்பினால்கூடப் பரவாயில்லை, எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். யோசித்துத்தான் சொல்கிறேன். பணி ஓய்வு பெறும்வரை ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். மாணவர்களை அழைத்துக்கொண்டு சென்னையிலும் பெங்களூரிலும் அறிவியல் மையங்களுக்குப் போய் வந்திருக்கிறேன். ஐந்து வயதுப் பேத்தி முதல் எழுபது தாண்டிய அப்பத்தா வரை ஒரு குடும்பத்தின் அத்தனை பேரையும் ஒரே மேசையைச் சுற்றி நிற்க வைத்து, ஒருவரோடு ஒருவர் வாய் ஓயாமல் பேச வைத்த இடம் என் அனுபவத்தில் இது ஒன்றுதான்.

எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீமான்ட்டில் குடியிருக்கும் என் மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேரன், ஐந்து வயதுப் பேத்தி, நான், மருமகனின் அம்மா. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா, நான் அம்மாச்சி. மதினிக்கு மேலூர்ப் பக்கம் கிராமம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதன் பிறகு மாடும் ஆடும் வயலும்தான் வாழ்க்கை. அமெரிக்காவில் எங்கே கூட்டிப் போனாலும், "நீங்க போயிட்டு வாங்க, நான் இப்படி உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிடுவார். அருங்காட்சியகம் என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணாடிக்குள் ஒரு பொருள், பக்கத்தில் இங்கிலீஷில் நாலு பத்தி. படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கண்ணாடிக்கு நகர்வார்கள். அதில் அவருக்கு என்ன வேலை இருக்கிறது?

எம்பார்கடேரோ பார்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்தில் பியர் 15 வந்துவிடும். ஒரு காலத்தில் சரக்குக் கப்பல்கள் வந்து நின்ற துறை. 2013 ஏப்ரலில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் இங்கே குடிவந்தது. அதற்கு முன்பு, 1969இல் தொடங்கியதிலிருந்து, 1915 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மண்டபத்தில் இருந்தது. உள்ளே போனால் நீளமான பெரிய கூடம். 600க்கும் மேற்பட்ட காட்சிகள். இங்கே தொடங்கி இப்படிப் போ என்று எதுவும் உங்களை விரட்டாது. பிள்ளைகள் எதை நோக்கி ஓடுகிறார்களோ அங்கே தொடங்க வேண்டியதுதான்.

எங்கள் பேத்தி வெள்ளைச் சுவர் ஒன்றை நோக்கி ஓடினாள். எதிரே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். மூன்றும் சேர்ந்து விழுவதால் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது. குறுக்கே நின்றால் நிழல் கறுப்பாக விழுவதில்லை, வண்ண வண்ணமாக விழுகிறது! உடம்பு சிவப்பு விளக்கை மறைத்த இடத்தில் பச்சையும் நீலமும் கலந்து ஒரு நிறம், பச்சையை மறைத்த இடத்தில் இன்னொரு நிறம். "மயில்கழுத்துக் கலருடீ!" என்று மதினி கத்தினார். பேரன் அப்பத்தாவின் நிழல் மேல் தன் நிழலைப் போட்டான், மருமகன் அதன் மேல் கையை நீட்டினார், ஒவ்வொரு ஆள் சேரும்போதும் சுவரில் புதுப்புது நிறம். தனியாக நின்றால் அதில் பாதி வேடிக்கைதான். கூட்டம் சேரச் சேரத்தான் அந்தச் சுவர் நிறைகிறது. எத்தனை அழகான ஏற்பாடு! அடுத்தவர் எப்போது நகருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை; "நீயும் வா" என்று நாமே கையைப் பிடித்து இழுக்கிறோம்.

அங்கேதான் முதன்முதலாக அந்த விளக்கப் பலகையைக் கவனித்தேன். மேலே, என்ன செய்ய வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வரி. ஏன் இப்படி நடக்கிறது என்ற விளக்கம் அதற்குப் பிறகுதான். போகிற பக்கமெல்லாம் இதே முறை. இந்த வரிசை எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்லி முடியாது. விளக்கம் முதலில் வந்தால், படிக்கத் தெரிந்தவர் வாத்தியாராகிவிடுவார், மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளாகிவிடுவார்கள். செய்கை முதலில் வந்தால் எல்லார் கண்ணிலும் ஒரே நேரத்தில் ஒரே ஆச்சரியம் விழுகிறது. "இது ஏன்?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் ஒரு யூகம் சொல்லலாம். பலகையின் அடிப்பகுதியைப் படிக்கிற நேரத்தில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு கருத்தோடு தயாராக இருக்கிறார்கள்.

இனி மாட்டுக் கண். இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன்.

மாட்டின் கண்ணை அறுத்துக் காட்டும் நிகழ்ச்சி அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. அறுக்கிறவர் டாக்டரோ பேராசிரியரோ கிடையாது, பள்ளிக்கூடத்துப் பெண். எக்ஸ்ப்ளெயினர் என்று அவர்களுக்குப் பெயர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்து, ஆரஞ்சு நிற உடுப்பு மாட்டி, வருகிறவர்களோடு பேச விட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய வார்த்தைகளை அள்ளி வீசாமல், தானும் அண்மையில்தான் கற்றுக்கொண்ட குதூகலத்தோடு பேசுகிற பிள்ளைகள்.

அந்தப் பெண் கண்ணைச் சுற்றியிருந்த கொழுப்பையும் தசையையும் கத்தரியால் எடுக்க ஆரம்பித்ததும் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேரன் இரண்டடி பின்னால் போனான். மதினி முன்னால் வந்தார். கிடாவெட்டுக்கும் தீபாவளிக்கும் எத்தனை தலைக்கறி சுத்தம் செய்த கை அது! "கொழுப்ப மொதல்ல வழிச்சிரும்மா, இல்லன்னா கைக்குள்ள வழுக்கும்" என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பேரன் மெல்ல முன்னால் வந்து இங்கிலீஷில் சொன்னான். "ஆமாம், சரியாகச் சொல்கிறார்" என்று அவள் சிரித்தாள். அந்த நிமிடத்திலிருந்து அந்த மேசையில் இரண்டு ஆசிரியைகள்.

கருவிழிக்கு முன்னால் இருக்கும் தெளிந்த தோலைக் கீறியதும் தண்ணீர் போல் ஒரு திரவம் வந்தது. பிறகு உள்ளேயிருந்து லென்சை எடுத்தாள். கண்ணாடிக் கோலி போல உருண்டையாக, கொஞ்சம் தட்டையாக, தெளிவாக இருந்தது. அதை ஒரு செய்தித்தாள் துண்டின் மேல் வைத்தாள். கீழே இருந்த எழுத்து பெரிதாகத் தெரிந்தது! "அப்பத்தா, எழுத்து குண்டாயிடுச்சு" என்று பேத்தி துள்ளினாள். குவி லென்ஸ் பாடம் நான் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு நடத்தியது. ஒரு மிருகத்தின் கண்ணுக்குள் இருந்து எடுத்த லென்ஸ் என் கண்முன் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம் கண்ணின் பின்பக்கச் சுவரை விரித்துக் காட்டினாள். நீலமும் பச்சையும் கலந்து தகதகவென்று மின்னுகிற ஒரு படலம். மாட்டுக்கு இது எதற்கு என்று நினைக்கிறீர்கள் என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். பேரன் அப்பத்தாவுக்குத் தமிழில் சொன்னான். மதினி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"ராத்திரி லாந்தரத் தூக்கிட்டுத் தொழுவத்துக்குப் போனா ரெண்டு கண்ணும் பச்சையா மின்னுமே, இதுதானா அது?"

பேரன் மொழிபெயர்த்தான். அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். அதேதான்! விழித்திரையைக் கடந்து போன வெளிச்சத்தை இந்தப் படலம் திரும்பவும் விழித்திரைக்கே அனுப்புகிறது. அதனால்தான் மங்கிய வெளிச்சத்திலும் மாட்டுக்குக் கண் தெரிகிறது. மனிதருக்கு இந்தப் படலம் கிடையாது.

"அப்பத்தா, ஆட்டுக்கு மின்னுமா?"

"மின்னும்."

"பூனைக்கு?"

"பூனைக்கு மின்னாமயா? கோழிக்குத்தான் மின்னாது. பன்னிக்கும் மின்னாது."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது, கோழிக்கும் கிடையாது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, தொழுவத்தில் பார்த்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பேரன் வாயைப் பிளந்தான். "தெரியாம? மாட்டோட தானடா இருந்தேன்" என்றார் மதினி. அந்தப் பெண் சொன்னது பாதி, மதினி சொன்னது பாதி. இரண்டையும் முழுசாகக் கேட்டவன் நடுவில் நின்று மொழிபெயர்த்த பேரன்தான்.

இதெல்லாம் தற்செயலாக அமைவது என்று நினைத்துவிடக் கூடாது. குடும்பங்கள் அருங்காட்சியகத்தில் எப்படிச் சேர்ந்து கற்கின்றன என்பதைப் பக்கத்தில் நின்று, பேச்சைக் கேட்டு, குறித்துவைத்துப் படித்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பிலடெல்பியா வட்டாரத்தில் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட், இயற்கை அறிவியல் அகாடமி, உயிரியல் பூங்கா, நியூ ஜெர்சி மாநில மீன்காட்சியகம் ஆகிய நான்கும் 1990களில் கைகோத்து இதைச் செய்தன. மிண்டா போருன் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு 1998இல் புத்தகமாக வந்தது. குடும்பத்துக்கு ஏற்ற காட்சிக்கு அவர்கள் கண்ட குணங்கள் ஏழு. சுற்றிலும் நிற்க இடம் வேண்டும். ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்ய முடிய வேண்டும். சின்னவருக்கும் பெரியவருக்கும் எட்ட வேண்டும். ஒரே ஒரு விடையோடு முடிந்துபோகாமல் பேச்சை வளர்க்க வேண்டும். பார்த்துக் கற்கிறவர், தொட்டுக் கற்கிறவர் என்று பலருக்கும் பொருந்த வேண்டும். எழுத்து சின்னச் சின்னத் துண்டாக, வாசிக்க எளிதாக இருக்க வேண்டும். வந்தவர்களுக்கு முன்பே தெரிந்த ஏதாவதொன்றோடு அது ஒட்ட வேண்டும்.

ஏழாவதைத்தான் நான் முதலில் வைப்பேன். மதினியை முன்னால் கொண்டுவந்தது அதுதான்.

இன்னோர் ஆய்வு, ஒரு பெண்ணாகவும் ஆசிரியையாகவும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எக்ஸ்ப்ளோரட்டோரியத்திலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் சான் ஹோசேயில் குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கெவின் க்ரௌலியும் அவரோடு சேர்ந்தவர்களும் கவனித்து 2001இல் வெளியிட்டது. ஒரு கருவியை எப்படி இயக்குவது என்று சொல்லிக் கொடுப்பதில் பெற்றோர் மகன், மகள் என்று வித்தியாசம் பார்க்கவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று விளக்கம் சொன்னது மட்டும் மகள்களைவிட மகன்களுக்கு மூன்று மடங்கு. படித்த பெற்றோர், பிள்ளைகளை ஆசையாக அழைத்து வந்தவர்கள். அவர்கள் வாயிலும் அந்த "ஏன்" பையனுக்குத்தான் முதலில் வருகிறது.

எக்ஸ்ப்ளோரட்டோரியம் இதைக் கண்டும் காணாமல் விடவில்லை என்பதற்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். எந்த மாதிரிக் காட்சிகளில் பெண்பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று தனியாக ஓர் ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று படம் வரைந்த பலகை, மனித உருவம் உள்ள படம், மூன்று பேராவது நிற்க இடம், அடுத்தவர் செய்வதை முதலில் பார்த்துக்கொள்ள வசதி, வீட்டில் புழங்குகிற பொருள்கள், கொஞ்சம் விளையாட்டுத்தனம். இவை இருந்தால் பெண்பிள்ளைகள் வருகிறார்கள், நிற்கிறார்கள்.

எங்கள் பேத்தியை வைத்தே பார்த்தேன். கயிற்றில் தொங்கும் ஒரு பலகை, அதன் மேல் காகிதம், அசையாமல் பிடித்த பேனா. பலகையை ஆட்டிவிட்டால் காகிதத்தில் வளையம் வளையமாகக் கோடு விழுந்து, சுருங்கிக்கொண்டே உள்ளே போகிறது. அவள் உடனே கை வைக்கவில்லை. முன்னால் நின்ற ஒரு சீனக் குடும்பம் செய்வதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு தானே போய்ப் பலகையைத் தள்ளினாள். "ஏம்மா சின்னதாயிட்டே போகுது?" என்று கேட்டாள். என் மகள் விளக்கம் சொல்லவில்லை. "ஊஞ்சல்ல நான் தள்ளுறத நிறுத்திட்டா என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டாள். பேத்தி யோசித்தாள். இன்னொரு காகிதம் வாங்கினாள். இந்த முறை ஓங்கித் தள்ளினாள். ஐந்து வயதில் ஒரு பரிசோதனையை மாற்றிச் செய்து பார்க்கிறாள்! பக்கத்தில் நின்ற எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கூட்டம் கூடினால் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே பணியாற்றிய சூ ஆலனும் ஜோஷுவா கட்வில்லும் 2004இல் எழுதிய கட்டுரையில், பொத்தானும் கைப்பிடியும் அதிகமானால் வருகிறவர் குழம்புகிறார், ஒருவர் செய்வதை இன்னொருவர் கலைத்துவிடுகிறார் என்பதையெல்லாம் தங்கள் காட்சிகளையே எடுத்து வைத்துக் காட்டினார்கள். தன் வேலையைத் தானே இப்படிச் சோதித்துத் திருத்துகிற நிறுவனத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

இதற்கெல்லாம் மூலம் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. அவரும் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர்தான். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதற்காக 1949இல் பல்கலைக்கழக வேலை போயிற்று. கொலராடோ மலைப்பக்கம் போய் மாட்டுப்பண்ணை வைத்தார். பிறகு அந்தச் சின்ன ஊரின் உயர்நிலைப் பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியரானார். எக்ஸ்ப்ளோரட்டோரியத்தின் விதை அந்தப் பள்ளிக்கூடத்தில் விழுந்தது என்றுதான் நான் நம்புகிறேன். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பது அவருடைய கருத்து. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத்தான் அந்த எண்ணத்தின் அருமை தெரியும்.

மதினிக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், இரண்டு நாற்காலியும் நடுவே ஒரு கண்ணாடியும்தான். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பேத்தி. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. நம் பக்கம் வெளிச்சம் கூடினால் கண்ணாடியில் நம் முகம், எதிர்ப்பக்கம் கூடினால் அதன் வழியே எதிரே இருப்பவர் முகம். இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில் இரண்டு முகமும் ஒன்றாகக் கலந்துவிடும். திருகைத் திருகிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஏட்டி, இது எங்க சின்னையா நெத்தில்ல!" என்றார். பிறகு அந்தச் சின்னையா யார், அவர் ரங்கூனுக்குப் போனது, திரும்பி வந்தது எல்லாம் கதையாக வந்தது. ஒளி எதிரொளிப்பு பற்றிய காட்சியில் குடும்பத்தின் நாலு தலைமுறை வந்து உட்கார்ந்துகொண்டது. என் மருமகனே அந்தக் கதையை அன்றுதான் முழுசாகக் கேட்டார்.

கழிப்பறைப் பீங்கானில் செய்த குடிநீர்க் குழாயையும் விடக் கூடாது. புத்தம் புதுப் பீங்கான், சுத்தமான தண்ணீர். பேத்தி குனிந்து குடித்தாள். மதினியும் என் மகளும் கிட்டவே போகவில்லை. "சுத்தம்னு தெரியுது, வாய் வைக்க வர மாட்டேங்குதே" என்றார் மதினி. அறிவுக்கும் அருவருப்புக்கும் நடுவே நடக்கிற இழுபறியைக் காட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு வரியும் படிக்காமல் அவர் அதைச் சொல்லிவிட்டார்!

காட்சிகளைச் செய்கிற பட்டறையும் அங்கேயே, எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. இதில் எனக்குப் பெரிய மரியாதை. செய்முறையைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் காட்சிகளை எப்படிச் செய்வது என்று 1970களிலேயே சமையல் குறிப்புப் புத்தகம் மாதிரி எழுதி வெளியிட ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்தில் எத்தனையோ அறிவியல் மையங்கள் அதைப் பார்த்துச் செய்திருக்கின்றன. வீட்டுச் சாமானை வைத்தே செய்யக்கூடிய சின்னச் சின்னச் சோதனைகளை ஸ்நாக்ஸ் என்று பெயரிட்டு இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் அருங்காட்சியகம் நடத்துகிறவர்களையும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைக்கிறவர்களையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய பணம் வேண்டாம். மேசையைச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போடுங்கள், நாலு பக்கமும் ஆள் நிற்கட்டும். விளக்கத்தைக் கீழே எழுதுங்கள், செய்ய வேண்டியதை மேலே எழுதுங்கள். மூன்று வண்ண விளக்கும் ஒரு வெள்ளைச் சுவரும், ஒரு தொங்கு பலகையும் ஒரு பேனாவும் எந்த ஊரிலும் கிடைக்கும். பாட்டிமாருக்குத் தெரிந்த ஒரு விஷயமாவது ஒவ்வொரு மேசையிலும் இருக்கட்டும்.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், அடுத்த முறை போகும்போது டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான், ஒவ்வொரு டாலருக்கும் தகும். காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் வரை நேரம் போதாது. வியாழக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான் அனுமதி. பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் இல்லை அது.